மிதிவண்டியும் மூவகை அளவையும்

பொருநையாற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு அளத்தல் என்பது பழகிய தொழிலாகும். களத்தில் குவிந்த நெல்லை மரக்காலால் அளந்து, கோட்டைக் கணக்கில் சொல்லுதல் எங்கள் நாட்டு வழக்கம். பாபநாசம் அணையில் நிற்கும் நீரை அடிக்கணக்கில் கூறுவர். கால்வாயில் ஓடும் நீரைக் கன அடிக்கணக்கில் கூறுவர். கண்ணுக்குப் புலனாகும் பொருள்களை அளத்தல் எளிது. மனிதன் தன் உடம்பால் செய்யும் உழைப்பை அளத்தல் எங்ஙனம்? நாற்று நட்டவர்க்கும் ஏற்றம் இறைத்தவர்க்கும் நாட்கணக்கில் கூலி கொடுத்தார்களேயன்றி, அவர்தம் உடம்பு செலவிட்ட ஆற்றல் இவ்வளவு என்று முன்னோர் கணக்கிட்டதில்லை. இக்காலத்திலோ அக்கணக்கு உடற்பயிற்சிக் கூடங்களில் ஒளிரும் எண்ணாக நம் கண்முன் நிற்கின்றது. அவ்வெண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

மருத்துவர் அறிவுரைப்படி நான் பாளையங்கோட்டையில் உள்ள ஓர் உடற்பயிற்சிக் கூடத்திற்குச் சென்று வருகின்றேன். அங்கே ஓர் அறையில் இருபது மிதிவண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குச் சக்கரம் உண்டு, செலவு இல்லை. நின்ற இடத்திலேயே நாற்பத்தைந்து நிமிடம் மிதிக்க வேண்டும். இசை ஒலிக்கும், பயிற்றுநர் ஏவுவார், கைப்பிடியின் கீழுள்ள திருகைத் திருகினால் மிதி இறுகும். 1980களின் இறுதியில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் ஜானி கோல்ட்பெர்க் என்பவர் பரப்பிய இம்முறை இன்று உலகெங்கும் வழங்குகின்றது. சுலோசன முதலியார் பாலத்தின் மேல் எதிர்காற்றில் மிதிவண்டி மிதித்துப் பல்லாண்டு பள்ளி சென்ற எனக்கு, காற்றும் பாலமும் இல்லாத இப்பயணம் முதலில் வியப்பாகவே இருந்தது.

வியப்பினும் பெரிதாக ஓர் ஐயமும் எழுந்தது. ஒருநாள் வகுப்பு முடிந்தபோது, வண்டியின் முகப்பில் நான் செலவிட்ட ஆற்றல் 430 கலோரி என்று தோன்றிற்று. என் மகன் அணிவித்திருந்த கைக்கடிகாரம் 296 என்றது. என்னுடன் வரும் நண்பர் என்னினும் பதினைந்து கிலோ எடை மிகுந்தவர். அவர் வண்டியும் 430ஐ ஒட்டிய எண்ணையே காட்டிற்று. உழைப்பு ஒன்று, எண் இரண்டு. உடம்பு இரண்டு; எண் ஒன்று. இவற்றுள் மெய் எது?

கலோரி என்பது வெப்பத்தை அளக்கும் அளவு. ஒரு லிட்டர் தாமிரபரணி நீரை ஒரு பாகை செல்சியசு சூடேற்றுவதற்கு வேண்டிய வெப்பமே ஒரு கிலோகலோரி. உணவைப் பற்றியும் உடற்பயிற்சியைப் பற்றியும் பேசும்போது நாம் கலோரி என்று சுருக்கிச் சொல்வது இந்தக் கிலோகலோரியையே. நாம் உண்ணும் ஒரு கிராம் மாப்பொருளும் ஒரு கிராம் புரதமும் தனித்தனியே ஏறத்தாழ 4 கிலோகலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 தரும். நம் நாட்டு உணவுகள் பலவற்றுக்கும் இவ்வாறு கணக்கிட்ட பட்டியலை, நீலகிரியில் குன்னூரில் இருந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஆய்க்ராய்டு 1937இல் வெளியிட்டார். அந்நிறுவனமே 1958இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. ஆகவே வரவுக்கணக்கு ஒருவாறு தெளிவாயிற்று. செலவுக்கணக்கே அரிது.

பொருளின் உண்மையை அறியும் கருவியை நம் நூலோர் அளவை என்பர். சிவஞான சித்தியார் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கிக் காட்டும். நேரே கண்டறிதல் காண்டல். புகையைக் கண்டு தீ உண்டென்று உய்த்துணர்தல் கருதல். நம்பத் தக்கோர் சொல்லைக் கொண்டு தெளிதல் உரை. இம்மூன்றையும் கொண்டு மேற்கூறிய எண்களை ஆராய்வோம்.

ஆற்றற் செலவைக் காண்டல் அளவையால் அறிய முயன்றவருள் தலையாயவர் அமெரிக்க வேதியியல் அறிஞர் வில்பர் அட்வாட்டர். 1890களில் அவரும் இயற்பியல் அறிஞர் எட்வர்டு ரோசாவும் மிடில்டவுன் நகரில் உள்ள வெசுலியன் பல்கலைக்கழகத்தில், வெப்பம் கசியாத சிற்றறை ஒன்றை அமைத்தனர். அதனுள்ளே ஒருவர் நாட்கணக்கில் தங்கி உண்டு உறங்குவார். அவர் உடம்பு வெளிவிடும் வெப்பத்தைக் குழாய்களில் ஓடும் நீர் ஏற்றுச் செல்லும். சென்ற நீரின் அளவையும், அது சூடேறிய பாகையையும் கொண்டு செலவை நேரே கணக்கிட்டனர். உழைப்பின் செலவை அறிவதற்காக அவ்வறையுள் ஒரு நிலைமிதிவண்டியையும் வைத்தனர். இன்று பாளையங்கோட்டையில் நான் ஏறி அமரும் வண்டிக்கு அதுவே மூதாதை எனலாம். ஆயின், பயிற்சிக்கு வருவோர் ஒவ்வொருவர்க்கும் அத்தகைய அறை அமைத்தல் இயலாது. மூச்சில் உட்கொள்ளும் பிராணவாயுவை அளப்பது அதனினும் எளிய வழி. ஒரு லிட்டர் பிராணவாயு செலவானால் ஏறத்தாழ 5 கிலோகலோரி செலவாயிற்று என்பது கணக்கு. அதற்கும் முகமூடியும் கருவியும் வேண்டும்.

கைக்கடிகாரத்தின் எண் கருதல் அளவையைச் சார்ந்தது. அது ஆற்றலைக் காண்பதில்லை. நாடித் துடிப்பைக் காண்கின்றது. துடிப்பு மிகுந்தால் உழைப்பு மிகுந்தது என்று உய்த்துணர்கின்றது. புகையைக் கண்டு தீயை உணர்தல் நன்றே; பனியைப் புகையென மயங்கினால் முடிவு பிழைபடும். வெம்மை மிகுந்த அறையில், காற்றோட்டம் குறைந்த இடத்தில், உழைப்பு மிகாமலே துடிப்பு மிகும். சித்திரை வைகாசித் திங்களில் நெல்லைச் சீமையில் மின்விசிறி நின்றுவிட்டால் இதனை எவரும் உணரலாம். வியர்வையும் அத்தகையதே. அஃது உடம்பைக் குளிர்விக்க வந்த நீரேயன்றி உருகி வழிந்த கொழுப்பன்று. வகுப்பு முடிந்தபின் குறைந்த எடை, ஒரு செம்பு நீர் பருகியதும் திரும்பி வரும். 2017இல் இசுடான்போர்டு பல்கலைக்கழக அறிஞர்கள் மணிக்கட்டுக் கருவிகள் ஏழினை அறுபது பேரிடம் சோதித்தனர். நாடித் துடிப்பை அவற்றுள் ஆறு நன்கு கணித்தன. ஆற்றற் செலவிலோ, மிகச் சிறந்த கருவியே சராசரியாக நூற்றுக்கு 27 பிழைத்தது. மிகத் தாழ்ந்தது நூற்றுக்கு 93 பிழைத்தது.

வண்டி காட்டிய 430 என்னும் எண்ணோ உரை அளவையைச் சார்ந்தது. உரையை ஏற்குமுன் உரைப்பவர் யார் என்று வினவுதல் முறை. அவ்வண்டி என் வயதைக் கேட்கவில்லை, எடையைக் கேட்கவில்லை, திருகு எவ்வளவு இறுகியது என்பதையும் அறியவில்லை. சக்கரம் சுழன்ற வேகத்தை மட்டும் கொண்டு, யாரோ ஒருவர் எழுதி வைத்த வாய்பாட்டை ஒப்பித்தது. அறிஞர்கள் தொகுத்த பட்டியல் ஒன்றும் உண்டு. வாளா அமர்ந்திருப்பதன் செலவை ஒன்று எனக் கொண்டு, ஒவ்வொரு தொழிலும் அதற்கு எத்தனை மடங்கு என்று அது கூறும். 2011ஆம் ஆண்டுப் பட்டியல் இவ்வகை வகுப்புக்கு 8.5 மடங்கு என்றது. அமர்ந்திருப்பவர் ஒரு கிலோ எடைக்கு ஒரு மணியில் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவிடுவர். என் எடை 64 கிலோ. காலம் முக்கால் மணி. மூன்றையும் பெருக்கினால் 408 வரும். ஆயின் 8.5 என்பது பயிற்றுநர் ஏவியவாறு முழு ஊக்கத்துடன் மிதிப்பவர்க்கு உரியது. அறுபதைக் கடந்து, திருகைத் தளர்த்தி மிதிக்கும் எனக்கு அது பொருந்தாது.

அவ்வறையின் மூலையில் இருந்த ஒரு வண்டியில் மட்டும் திறனை அளக்கும் கருவி பொருத்தியிருந்தனர். மிதியில் நான் செலுத்தும் விசையையும் வேகத்தையும் சேர்த்து அது வாட்டுக் கணக்கில் காட்டும். ஒருநாள் அதில் ஏறி, வழக்கம்போல் மிதித்தேன். சராசரி 60 வாட்டு என்றது. 60 வாட்டை 2,700 வினாடியால் பெருக்கினால் 162 கிலோசூல் வேலை. ஒரு கிலோகலோரி 4.184 கிலோசூலுக்குச் சமம். ஆதலின் அவ்வேலை ஏறத்தாழ 39 கிலோகலோரி. மனித உடம்பு தான் செலவிடும் ஆற்றல் முழுவதையும் வேலையாக மாற்றுவதில்லை. மிதிவண்டித் தொழிலில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கே மிதியைச் சேரும், எஞ்சியது வெப்பமாகும். ஆகவே உழைப்புக்கென நான் செலவிட்டது ஏறத்தாழ 155 முதல் 195 வரை. வாளா அமர்ந்திருந்தாலும் அந்நேரத்தில் செலவாகும் 48ஐக் கூட்டினால் மொத்தம் 203 முதல் 243 வரை ஆகும். வண்டி கூறிய 430இல் ஏறக்குறையப் பாதியே மெய் என்பது போதரும்.

இது வெறும் எண் விளையாட்டு என்று இகழற்க. என் நண்பர் கருவூலத்தில் கணக்கராய் இருந்து ஓய்வு பெற்றவர். நீரிழிவு நோய் உடையவர். வகுப்பு உள்ள நாள்தோறும் அவர் நெல்லையப்பர் கோயிலை அடுத்த தேர்வீதிக்குச் சென்று நூறு கிராம் அல்வா வாங்கி உண்டு வந்தார். நானூறு செலவு, அதற்கு ஈடாகச் சிறிது வரவு என்று குறிப்பேட்டிலும் எழுதி வந்தார். மூன்று திங்கள் கழித்துக் குருதியைச் சோதித்தபோது சர்க்கரை முன்னினும் மிகுந்திருந்தது. மருத்துவர் மருந்தைக் கூட்டினார். கண்ணின் உட்படலத்தையும் சோதிக்கச் சொன்னார். அன்று மாலை அவர் என் திண்ணையில் வந்து அமர்ந்து, "கணக்கு எழுதித்தானே உண்டேன், அண்ணாச்சி! கணக்கு எங்கே பொய்த்தது?" என்றார். நாற்பதாண்டு காலம் ஒரு காசும் பிழையாமல் கணக்கெழுதிய கை அன்று நடுங்கிற்று.

இருவரும் இருந்து கணக்கைத் திருப்பிப் பார்த்தோம். திறன் காட்டும் வண்டியில் அவர் மிதித்ததும் என்னளவே. உழைப்புக்கென அவர் செலவிட்ட ஆற்றலின் நடு அளவாகிய 175 கிலோகலோரியை, இருபது கிராம் நெய்யே ஈடுசெய்துவிடும். அதில் 180 உண்டு. அல்வாவிலோ நெய்யுடன் சர்க்கரையும் கோதுமைப்பாலும் உள. கலோரி ஒத்திருந்தாலும், சர்க்கரை குருதியில் விரைந்து ஏறும் நோயாளிக்கு அது வேறு தீங்கையும் செய்யும். நண்பர் குறிப்பேட்டை மூடினார். அல்வாவை விட்டார், மிதிவண்டியை விடவில்லை. அடுத்த சோதனையில் சர்க்கரை சற்றுத் தணிந்திருந்தது. கண்ணுக்கும் ஊறு இல்லை என்றனர்.

இதற்கு மறுதலையான தீங்கும் உண்டு. கல்லூரியில் பயிலும் என் பேர்த்தி ஒருநாள், "தாத்தா, இன்று முந்நூறுதான் வந்தது, இரவு எனக்கு உணவு வேண்டா" என்றாள். பொய்யான பேரெண் முதியவரை மிகுதியாக உண்ணச் செய்தது. சிற்றெண் வளரும் பெண்ணைப் பட்டினி கிடக்கச் செய்தது. நீரிழிவுக்கு மருந்து உண்போர் அவ்வாறு உணவைத் தவிர்ப்பின், சர்க்கரை அளவிறந்து தாழ்ந்து மயக்கமும் வரும். எண்ணுக்காக உணவு அன்று. உடம்புக்காகவே உணவு என்று அவளுக்குக் கூறி, என் இலைக்கு அருகே அவளுக்கும் இலையிடச் செய்தேன். அவள் உண்டு எழுந்தபின்பே என் மனம் அமைதியுற்றது.

அவ்வாறாயின் இப்பயிற்சியால் பயன் இல்லையோ எனின், மிகவும் உண்டு. உழைக்கும் தசை குருதியிலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்ளும்; அப்பயன் வகுப்பு முடிந்த பின்னும் பல மணி நேரம் நீடிக்கும். நெஞ்சு வலிமை பெறும். குருதி அழுத்தம் தணியும். உறக்கம் நன்கு வரும். இவை ஒன்றும் வண்டியின் முகப்பில் தோன்றுவதில்லை. எண்ணை நாடுவோர்க்கும் ஒரு வழி உண்டு. ஒரே வண்டியில், ஒரே முறையில் மிதித்து, சென்ற திங்களின் எண்ணோடு இத்திங்களின் எண்ணை ஒப்பிடலாம். பிழையான மரக்காலும் மாறாத பிழையுடையதாயின், இவ்வாண்டு விளைச்சல் மிகுந்ததா குறைந்ததா என்று காட்ட வல்லது. ஆனால் அம்மரக்காலைக் கொண்டு கடன் வாங்குதலும் விற்றலும் ஆகா.

எண் என்பது அறிவின் கண். கண்ணுக்கும் திரிபுக்காட்சி உண்டு என்பதை மறத்தல் ஆகாது. ஒளிர்கின்ற எண் ஒவ்வொன்றையும், 'நீ கண்டு சொல்கின்றாயா, கருதிச் சொல்கின்றாயா, பிறர் உரைத்ததைச் சொல்கின்றாயா?' என்று வினவிப் பழகுதல் வேண்டும். அங்ஙனம் வினவுபவர் உழைப்பையும் கைவிடார், ஏமாற்றமும் அடையார். அளவறிந்து உழைத்து, பசியறிந்து உண்டு, உடம்பை நெடுநாள் ஓம்புவர்.