டயரின் பக்கச்சுவரில் ஒரு தொகைத்தொடர்

‘குளிர்கால டயர்’ என்னும் தொடருக்கு டாலிகஞ்சில் சுட்டுபொருள் இல்லை. கனடாவின் கியூபெக் மாநிலத்திலோ அதற்குச் சட்டப்பொருளே உண்டு: டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பதிவான கார்கள் குளிர்கால டயருடன்தான் ஓட வேண்டும். மாண்ட்ரியலில் ஆய்வு செய்யும் தோழியொருத்தி, உதவித்தொகைக்குள் அடங்கும் விலையில் தன் பழைய காருக்குப் பொருந்தும் டயரைத் தேடிக்கொண்டிருந்த அதே மாதத்தில், நானும் இங்கே அதே கேள்வியோடு கடை கடையாக ஏறிக்கொண்டிருந்தேன். ஆய்வாளர்கள் மூவர் பங்குபோட்டு வாங்கிய பழைய மாருதி ஸ்விஃப்ட் எங்களுடையது. அதன் டயர்கள் மொட்டையாகிவிட்டிருந்தன. பழைய கார்களில் களப்பணிக்குச் செல்லும் நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்தத் தேடலில் தெளிந்தவற்றை எழுதுகிறேன்.

நமக்குப் பனி இல்லை, மழை உண்டு. இரு பருவமழைகளும் பெய்யும் இந்நகரில் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 3000 மி.மீ. குளிர்நாட்டு டயரின் சிக்கல் வெப்பநிலை சார்ந்தது. ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். ஆகவே அங்கே மென்மை குன்றாத கலவை தேவை. நம் சிக்கல் நீர். டயரின் பள்ளங்கள் நீரை வெளியேற்றத் தவறினால், சக்கரம் சாலையை விட்டு நீர்ப்படலத்தின்மேல் மிதக்கத் தொடங்கும். காரணம் வேறாயினும் கேள்வி ஒன்றே: ரப்பர் சாலையைத் தொடுகிறதா?

தீவில் இக்கேள்விக்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. வடக்கே ரங்கத், மாயாபந்தர் செல்லும் அந்தமான் டிரங்க் ரோடு, ஜிர்காடாங் முதல் மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா மக்களின் காப்பகத்தினூடே செல்கிறது. அப்பகுதிச் சாலையை மூடும்படி 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. போக்குவரத்து இன்னும் நடக்கிறது. வண்டிகள் கான்வாயாகவே அனுப்பப்படும், வழியில் நிறுத்தக்கூடாது. அங்கே நம் டயர் வெடித்தால் வரிசை முழுவதும் தடைபடும். நாம் நிற்கக்கூடாத மண்ணில் நிற்க நேரும். கள ஆய்வின் அறநெறி குறித்துக் கருத்தரங்குகளில் நிறையப் பேசுகிறோம். அவ்வறத்தில் ஒரு பங்கு டயரின் பள்ளத்தில் எத்தனை மில்லிமீட்டர் எஞ்சியிருக்கிறது என்பதிலும் அடங்கியிருக்கிறது. ‘மலிவு’ என்பதற்கு எல்லை வகுக்க வேண்டிய இடம் இது.

இனி அந்தத் தொகைத்தொடருக்கு வருவோம். எங்கள் காரின் டயரில் பொறித்திருந்தது: 165/80 ஆர் 14 85 டி. வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து நிற்பதுபோல் இதில் அலகுகள் மறைந்து நிற்கின்றன. விரித்தால், அகலம் 165 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 விழுக்காடு. ‘ஆர்’ என்பது ரேடியல் என்னும் கட்டமைப்பு. ரிம்மின் விட்டம் 14 அங்குலம். 85 என்பது எடைக்குறியீடு, அதாவது ஒரு டயர் 515 கிலோ தாங்கும். ‘டி’ என்பது மணிக்கு 190 கி.மீ. என்னும் வேக வரம்பு. மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் என மூன்று அளவை மரபுகள் ஒரே தொடரில் அடுத்தடுத்து நிற்கின்றன.

ஒரு கடையில் இந்த அளவு கையிருப்பில் இல்லை. கடைக்காரர் தமிழர். “இதுவும் பதினாலுதான் தம்பி, கச்சிதமா உட்காரும்” என்று 175/65 ஆர் 14 டயரைக் காட்டினார்; விலையும் குறைவு. அவர் சொன்னது பொய்யன்று. தொகையின் ஓர் உறுப்பை மட்டும் படித்தால் அது பொருந்தவே செய்கிறது. முழுவதும் விரித்தால் கணக்கு வேறு. எங்கள் டயரின் மொத்த விட்டம் 619.6 மி.மீ.; அவர் காட்டியதன் விட்டம் 583.1 மி.மீ. வண்டி ஏறத்தாழ 18 மி.மீ. தாழும்; வேகமானி 60 என்று காட்டும்போது உண்மை வேகம் ஏறத்தாழ 56 ஆக இருக்கும். அந்த டயரின் எடைக்குறியீடு 82, அதாவது 475 கிலோ. நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து 160 கிலோ தாங்குதிறன் குறையும். ரிம்முக்குப் பொருந்துவது வேறு. வண்டிக்குப் பொருந்துவது வேறு. வண்டிக்குரிய அளவும் காற்றழுத்தமும் கையேட்டிலும், பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுவில்லையிலும் இருக்கும். கடைக்குச் செல்லுமுன் அதைப் படமெடுத்துக்கொள்வது நல்லது.

இவ்விடத்தில் மாண்ட்ரியல் தோழியின் தேடல் எனக்கு உதவியது. பனிநாடுகளில் பலர், உற்பத்தியாளர் அனுமதித்த அளவுகளுள் சிறிய ரிம்மையும் குறுகலான டயரையும் குளிர்காலத்திற்கெனத் தேர்கிறார்கள். குறுகிய டயர் பனிக்கூழைப் பிளந்து கீழேயுள்ள சாலையைத் தொடும், விலையும் குறைவு. நீருக்கும் இது பொருந்தும்: மற்றவை சமமாயின் அகலம் குறைந்த டயர் மிதக்கத் தொடங்க அதிக வேகம் வேண்டும். எங்கள் ஸ்விஃப்டின் உயர்வகைகள் 185/65 ஆர் 15 டயருடன் வந்தன. அதன் மொத்த விட்டம் 621.5 மி.மீ.; எங்களுடையதற்கும் அதற்கும் வேறுபாடு 2 மி.மீ. கூட இல்லை. ரிம்மை மாற்றி அந்தப் ‘பெரிய’ அளவுக்குச் செல்லலாம் என்று எங்களுள் ஒருவர் விரும்பினார். கணக்கைப் பார்த்தபின் அவரே கைவிட்டார். அடிப்படை வகைக்கென வந்த மலிவான அளவே இந்த மழைக்கு ஏற்றது.

அடுத்துக் காலம். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் உற்பத்தியானது. தீவுக்குப் பெரும்பாலான பொருள்கள் கப்பலில் வருகின்றன. அதிகம் விற்காத அளவுகள் கடையிலேயே முதுமை அடைகின்றன. இதில் ஒரு முரணும் உண்டு. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழ்க் குடும்பங்கள் சில நிக்கோபாரின் கச்சால் தீவில், ரப்பர் தோட்ட வேலைக்கெனக் குடியமர்த்தப்பட்டன. ரப்பர் மரத்துக்கு உகந்த வெப்பம் ரப்பர் பொருளுக்குப் பகையாகிறது: வெயிலும் ஓசோனும் அதை மெல்ல இறுகச்செய்து வெடிப்பு விழவைக்கின்றன. ஆகவே, ‘புதியது’ என்னும் சொல்லை நம்பாமல் அந்த நான்கு இலக்கங்களைப் படிக்க வேண்டும். ஐந்தாண்டுப் பழைய இருப்பைத் தள்ளுபடியில் தந்தாலும் அது மலிவன்று. அதன் ஆயுளில் பெரும்பகுதி கடையிலேயே கழிந்துவிட்டது.

எங்கே சேமிக்கலாம்? நான்கையும் ஒருசேர மாற்ற இயலாவிடில் ஒரே அச்சுக்குரிய இரண்டை வாங்கலாம். புதிய இரண்டும் பின்சக்கரங்களுக்குச் செல்ல வேண்டும், வண்டி முன்சக்கர இயக்கமாயினும். ஈரச்சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்; முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வாய்ப்புண்டு. பள்ளங்களுக்கிடையே சிறு மேடுகள் தெரியும். பட்டன் தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் எஞ்சியது 1.6 மி.மீ., கார்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை. ஆஸ்திரியாவில் குளிர்கால டயருக்கு 4 மி.மீ. ஆழம் கட்டாயம். நம் மழைக்கு 3 மி.மீ. அளவிலேயே மாற்றுவது நல்லது. காற்றழுத்தத்துக்கோ செலவு ஏறத்தாழ இல்லை. அழுத்தம் குறையக்குறைய, டயர் நீரில் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறையும்.

ஒரு வாரம் காத்திருந்தோம். அடுத்த கப்பலில் எங்கள் அளவு வந்தது. உற்பத்தியாகி ஐந்து மாதமே ஆகியிருந்தது. இரண்டு வாங்கிப் பின்னால் பொருத்தினோம். பழையவற்றுள் பள்ளம் 3 மி.மீ.க்குக் குறையாதது ஸ்டெப்னி ஒன்றுதான். அது முன்பக்கம் ஒரு சக்கரமாகச் சென்றது. இன்னொரு முன்சக்கரமும் புது ஸ்டெப்னியும் அடுத்த மாத உதவித்தொகைக்குக் காத்திருக்கின்றன. அதுவரை மாயாபந்தர் பயணத்தை அரசுப் பேருந்துக்கு மாற்றியிருக்கிறோம். எங்கள் காரை இரவல் கேட்கும் நண்பர்கள், ஜிர்காடாங்குக்கு இப்பால் மட்டும் கேட்கவும்.