பெயர்ந்து சென்ற இல்லம்

வீடு நிலைபெயராதது என்றே இளமை தொட்டு எண்ணியிருந்தோம். 2008ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள், நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதியில் ஒரு தெருவோரத்தில் நின்றபோது அவ்வெண்ணம் மாறிற்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதலாவது திறைசேரிச் செயலாளர் அலெக்சாந்தர் ஹமில்ரன், 32 ஏக்கர்த் தோட்டத்தின் நடுவே 1802இல் கட்டிமுடித்த மரவீடு 'கிறேஞ்சு' என்பது. ஈராண்டே அதில் வாழ்ந்த அவர், 1804இல் துவந்த யுத்தமொன்றிற் குண்டுபட்டு இறந்தார். காலப்போக்கில் தோட்டம் தெருக்களாயிற்று. 1889இல் வீட்டைப் பெயர்த்து, விறாந்தைகளைக் களைந்து, வேறிடத்தில் நிறுத்தினர். அங்கே தேவாலயத்துக்கும் மாடிக் கட்டடத்துக்கும் இடையே நெருக்குண்டு நூறாண்டுக்கு மேல் நின்றது. பின்னர், ஹமில்ரனின் பழைய நிலத்தின் ஒரு பகுதியான சென் நிக்கலஸ் பூங்காவில் அதற்குப் புதிய அத்திவாரம் அமைத்தனர்.

எம்மைக் கவர்ந்தது பயணமன்று. முந்திய வாரங்களில் அவ்வழியே போய்வருகையிற் கண்ட ஆயத்தங்களே. வீட்டின் அடியில் உருக்கு உத்தரங்களைச் செலுத்திப் பாரந்தூக்கிகளாற் சிறிது சிறிதாக உயர்த்தினர். உயர்த்துந்தோறும் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கித் தாங்கினர். எல்லா மூலைகளும் ஒருங்கே உயர்தல் வேண்டும். ஒன்று முந்தினும் சாந்து வெடிக்கும், சட்டம் முறுகும். தேவாலய முன்மண்டபம் வழிமறித்தமையால், ஏறக்குறைய 300 தொன் நிறையுள்ள வீட்டைச் சுமார் 40 அடி உயர்த்தி, அம்மண்டபத்தின் மேலாகவே தெருவுக்குக் கொணர்ந்தனர்.

அன்று எமது சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. ஊரிலுள்ள தந்தையாரின் நாற்சார் வீடு சிதைந்துவிட்டது, இடித்து மரத்தை விற்கலாமா என்று தம்பி கேட்டிருந்தான். 'சம்மதம்' என எழுதிய மறுமொழியை அஞ்சலிற் சேர்க்கவே புறப்பட்டிருந்தோம். சேர்க்காமலே திரும்பினோம். இடிக்குமுன் வீட்டை அளந்து, தூண், கதவு, முற்றம் யாவற்றையும் படம் வரைந்து வைக்குமாறு வேறொரு கடிதம் எழுதினோம்.

கிறேஞ்சு, களைந்த விறாந்தைகள் மீள அமைக்கப்பெற்று, 2011இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. எமது வீட்டை அவ்வாறு காக்க இயலவில்லை. முன்கதவும் இரண்டு தூண்களும் தம்பியின் புதுமனையில் நிற்கின்றன. தம்பி வரைந்த படம் எமது மேசைமேல் இருக்கின்றது. அதில் அம்மா இருந்து அரிசி புடைத்த திண்ணைக்கும் அளவு குறித்திருக்கின்றான். நாம் கேட்காதது அது.

கல்லூரியின் இளம் மாணவர்க்கு எமது வேண்டுகோள் ஒன்றே: புதிய அத்திவாரம் இடுக, அதற்கு முன் பழைய வீட்டை அளந்துகொள்க.