பேராதனை சென்று மீண்டோம்

யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ-9 வீதி ஏறக்குறைய 320 கிலோமீற்றர் நீளமுடையது. அதில் வாணிகர் செல்வர். தல யாத்திரிகர் செல்வர். பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோரும் செல்வர். ஆண்டுதோறும் பிறர் பிள்ளைகளை வாழ்த்தி வழியனுப்பி வந்த நாம், இம்முறை எமது ஒரே மகளுடன் அவ்வீதியிற் பயணமானோம்.

யாழ்ப்பாணத்திலேயே 1974 முதல் பல்கலைக்கழகம் இருக்கையில், பெண்பிள்ளையை இத்துணைத் தொலைவிற்கு அனுப்புவானேன் என்று உறவினர் வினவினர். மகள் விரும்பியதோ கால்நடை மருத்துவம். இலங்கையில் அதற்கென அமைந்த பீடம் பேராதனையிலேயே உள்ளது. வீட்டு ஆட்டுக்கு நாள்தோறும் குழை முறித்துப் போட்டு வளர்ந்த பிள்ளைக்கு வேறெத்துறையை நாம் காட்டுவது?

ஆனையிறவைக் கடந்து முறிகண்டியில் பஸ் வண்டி நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கிக்கொண்டோம். நாம் மாணவராயிருந்த காலத்தில் இப்பாதை மூடப்பட்டிருந்தது. தெற்கே செல்வோர் கப்பலேறித் திருகோணமலை வழியாகவே செல்வர். அவ்வாறு எம்மை அனுப்பிவிட்டு, எம் அன்னையார் எத்தனை இரவுகள் துயிலாதிருந்தாரோ! மாங்குளத்துக் காடு யன்னலோரம் ஓடிக்கொண்டிருக்கையில் அந்நினைவு நெஞ்சை அழுத்தியது. எமக்கு வாய்த்த பிரிவு அதனினும் எளியதே எனத் தேறினோம்.

வவுனியாவும் தம்புள்ளையும் கடந்து மாத்தளையை அணுகவே, வெயில் தணிந்து மலைக்காற்று வீசலாயிற்று. கண்டியிலிருந்து பேராதனை சிறு தொலைவே. ஒருபால் ஹந்தானை மலைத்தொடர். அதன் அடிவாரத்தே பல்கலைக்கழக வளாகம். அதனூடே மகாவலி கங்கை. 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்கு அண்மையிற் கடலோடு கலக்கும் அந்நதி, இங்கு இளமை மாறாது செல்கின்றது. 1942இல் கொழும்பில் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இவ்விடம் பெயர்ந்தது. முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். ஆயின், அதற்கு நெடுநாள் முன்பே, 1906இல் சங்கம் அமைத்துப் பல்கலைக்கழகம் வேண்டுமென உழைத்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் பெயரால் மாணவர் விடுதி ஒன்று இங்குண்டு. மேட்டிலே குறிஞ்சிக்குமரன் கோயிலும் உண்டு. 1821இல் தொடங்கிய 147 ஏக்கர்ப் பூங்காவோ அயலிலேயே உள்ளது.

விடுதி வாயிலில் எமக்கு முன்னே ஒரு சிங்களத் தாயார் தம் மகளின் தலையணையை அணைத்தபடி நின்றார். எம் இல்லாளுக்குச் சிங்களம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. இருவர் கண்களும் கலங்கியிருந்தன. அவ்வம்மையார் எம் மகளின் கன்னத்தைத் தடவினார். இல்லாளும் பனங்கட்டிக் குட்டானில் இரண்டை எடுத்து அவர் மகளின் கையில் வைத்தாள். இரு பெண்களும் ஒரே அறைக்கு உரியவர் என்பது பின்னரே தெரிந்தது.

“பிள்ளை, கவனமாயிரு” என்றோம். “அப்பா, ஆட்டுக்குப் பூவரசங்குழை போடுங்கோ, பழஞ்சோறு வையாதேங்கோ” என்றாள் மகள். அதற்கு மேல் இரு தரப்பிலும் சொல் எழவில்லை.

வீடு மீண்டோம். முதல் நாள் இல்லாள் வழக்கம்போல ஒன்றரைச் சுண்டு அரிசி உலையிலிட்டாள். மிஞ்சிய சோற்றைக் கண்டு, “இஞ்சாருங்கோ, நாளைக்கு ஒரு சுண்டு காணும்” என்றபோது அவள் குரல் தழுதழுத்தது. மாலையில் நாமே வேலியோரம் சென்று குழை முறித்தோம். ஆடு எம் கையை மோந்து பார்த்துப் படலைப் பக்கம் திரும்பிக் கத்தியது. மூன்றாம் நாளே தின்னத் தொடங்கிற்று. இரவில் மகள் தொலைபேசியில் அழைக்குங்கால் முதலில் ஆட்டின் நலத்தையே உசாவுகின்றாள். எமது நலம் அதன் பின்னரே!

பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு எம் அனுபவத்தால் ஒன்று கூறுவோம். வாயிலில் விட்டவுடன் திரும்பிவிடாதீர். கண்டியில் ஓரிரவாயினும் தங்கி, பிள்ளை நடக்கப்போகும் வீதியில் நீவிரும் நடந்து பாரும். மழை பெய்யின் எங்கே ஒதுங்குவாள், பசித்தால் எங்கே உண்பாள், மனம் சோர்ந்தால் எந்தக் கோயிற்படியில் அமர்வாள் என்பவற்றைக் கண்ணாற் கண்டுகொள்ளும். இன்று பேராதனையில் மழை என வானொலி கூறுங்கால், எம் இல்லாள் அஞ்சுவதில்லை. “இப்ப அவள் நூல்நிலையத்துக்குள்ளே நிற்பாள்” என்று கூறிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கின்றாள்.