பேலர் வாங்கப் போகும் தம்பிக்கு

ஒரத்தநாடு
மார்கழி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? அவள் கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் சொல்வாள், நீ பார்த்து எழுது.

வைக்கோல் கட்டுகிற பேலர் மெஷின் வாங்கப் போகிறேன் என்று நீ சொன்னதும் நான் பேசாமல் இருந்துவிட்டேன், அது உனக்கு வருத்தம் என்று அம்மா சொன்னாள். வாங்காதே என்று நான் சொல்லவில்லையடா. நாலு வருஷமாக எங்கள் களத்தில் அந்த மெஷின் நிற்கிறது. அதன் கணக்கு நோட்டு என் கையில் இருக்கிறது. உன் மனைவியின் நகை அடகுக்குப் போவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்ததை ஒன்று விடாமல் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். போனில் ஆரம்பித்தால் நாம் இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொள்கிறோம், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ அனுப்பிய வீடியோவை உன் மாமாவும் நானும் பார்த்தோம். சோளக்காட்டில் ஆள் உயரத்துக்கு உருண்டை உருண்டையாகக் கட்டு விழுவது கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டு ஒன்றே அரை டன்னைத் தொடும். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் கேரி வெர்மீர் என்பவர் 1971-ல் அந்த மாதிரிப் பெரிய மெஷினைச் செய்தார். ஆள் பற்றாத ஊரில், ஒரே ஆள் டிராக்டரில் இருந்தபடியே புல்லைக் கட்டி, நகர்த்தி, மாட்டுக்குப் போடுகிற வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. அங்கே கட்டைக் குத்தித் தூக்க டிராக்டரிலேயே இரும்பு ஈட்டி மாட்டியிருப்பார்கள். உன் ஊர் வேப்பந்தட்டையில் அதைத் தூக்கப் போவது யார்? நீயும், கூலிக்கு வருகிற இரண்டு பேரும். எங்கள் மெஷின் கட்டுகிற உருளை இரண்டடி விட்டம், மூன்றடி நீளம். வைக்கோல் நன்றாகக் காய்ந்திருந்தால் 15 முதல் 20 கிலோ வரும். ஒரு பெண் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடக்கலாம், லாரிமேல் நிற்கிறவனுக்குக் கீழே இருந்தே எறியலாம். கேரளாவிலிருந்து வருகிற லாரிக்காரர்களும் இந்த அளவைத்தான் கேட்கிறார்கள். பெரிய மெஷின் என்ற எண்ணத்தை இன்றோடு விட்டுவிடு. 45 குதிரைச் சக்தி டிராக்டர் உன்னிடம் இருக்கிறது, சின்னதை அது சுகமாக இழுக்கும்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். மெஷின் விற்கிற கடைக்காரர், "வைக்கோலும் கட்டும், தட்டையும் கட்டும்" என்றாராம். வைக்கோல் கட்டும், அதில் சந்தேகமே இல்லை. அறுவடை வண்டி வரிசையாகப் போட்டுவிட்டுப் போன வைக்கோலைக் கீழே சுற்றுகிற கம்பிப் பல் அள்ளி உள்ளே கொடுக்கும், ரோலர்கள் சுற்றிச் சுற்றி உருட்டும், நிறைந்ததும் நூல் சுற்றும், பின் கதவு திறந்து கட்டு விழும். வைக்கோல் வளைகிற பொருள், அதனால் எல்லாம் நடக்கிறது. மக்காச்சோளத் தட்டை வளையுமா? கட்டைவிரல் பருமன் தண்டு, கணுவுக்குக் கணு முண்டு, இழுத்தால் வேரோடு மண்கட்டியும் சேர்ந்து வரும். போன மாசியில் அரியலூர்ப் பக்கம் ஒருவர் தட்டை கட்டக் கூப்பிட்டு நாங்கள் போனோம். நோட்டைப் பார்த்து எழுதுகிறேன்: அரை ஏக்கர், 11 கட்டு, பல் மூன்று உடைந்தது, செயின் இரண்டு முறை கழன்றது. கட்டிய கட்டிலும் தட்டை நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, வண்டியில் ஏற்றும்போதே நாலு அவிழ்ந்துவிட்டது. அன்றைக்கு வாங்கிய கூலி பல்லுக்கும் செயினுக்கும் சரியாகப் போனது.

அதற்காகத் தட்டையைக் கட்டவே முடியாது என்று இல்லை. கதிர் ஒடித்த பிறகு நிற்கிற தட்டையை முதலில் மல்ச்சர் விட்டு உடைக்க வேண்டும். பொடியாக நொறுங்கினால் பல்லின் இடுக்கிலேயே கொட்டிப்போகும், முழங்கை நீளத்துக்கு உடைந்தால் போதும். இரண்டு மூன்று வெயில் காயவிட்டு, வரிசையாகக் கூட்டி, அப்புறம்தான் பேலரை விட வேண்டும். அடியில் ஒன்றரைச் சாண் விட்டே வெட்டச் சொல். மண் ஏறாது என்பது ஒன்று. மழை பொய்த்து வாடிய சோளமாக இருந்தால் அடித்தண்டில்தான் நைட்ரேட் சேர்ந்து நிற்கும் என்பது இன்னொன்று. காய்ந்தாலும் அது போகாது, மாட்டைக் கொன்றுவிடும். ஆக, நீ வாங்க நினைப்பது ஒரு மெஷின். தட்டைக்கு வேண்டியது மூன்று: உடைக்க ஒன்று, கூட்ட ஒன்று, கட்ட ஒன்று. கடைக்காரர் மற்ற இரண்டைப் பற்றிப் பேசினாரா?

இன்னொன்றை நீ யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். "டெல்டாவில் வந்து வைக்கோல் கட்டுவேன், ஊரில் தட்டை கட்டுவேன், இரண்டு வருமானம்" என்றாய். இங்கே குறுவை அறுக்கிற நேரம் புரட்டாசி, ஐப்பசி. மழை எப்போது பிடிக்கும் என்று தெரியாது, பல வருஷம் வைக்கோல் சேற்றிலேயே கிடக்கும். பேலருக்குச் சாப்பாடு போடுவது சம்பாவும் தாளடியும்தான்: தை பிறந்ததிலிருந்து மாசி முடிய. உன் காட்டில் புரட்டாசியில் போட்ட மக்காச்சோளம் ஒடிப்பதும் அதே தை மாசம் இல்லையா? மெஷின் இங்கே இருந்தால் உன் தட்டை அங்கே நிற்கும். மாடு விரும்பித் தின்கிற சோகையெல்லாம் உதிர்ந்து, கரையான் ஏறி, வெறும் குச்சி மிஞ்சும். மெஷினை உன் காட்டில் நிறுத்தினால் இங்கே வைக்கோல் போய்விடும், உளுந்துக்காரனும் உழவுக்காரனும் காத்திருக்க மாட்டார்கள். இரண்டு வருமானம் என்று நீ கூட்டியது ஒரே தை மாசத்தை இரண்டு தடவை எண்ணியது.

உலர்வு விஷயத்தில் நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். இரண்டாவது வருஷம் ஐப்பசியில் இரண்டு மழைக்கு நடுவே கிடைத்த ஒரு வெயிலில் அவசரப்பட்டுக் கட்டினோம். அவசரப்படுத்தியது நான்தான். மேலே தொட்டால் காய்ந்துதான் இருந்தது. கொட்டகையில் அடுக்கி மூன்றாம் நாள் புளித்த வாடை. ஒரு கட்டுக்குள் கையை விட்டேன், சுட்டது. பிரித்தால் நடுவில் சாம்பல் பூத்த மாதிரிப் பூஞ்சணம். வாங்கிய பால்காரர் லோடு முழுவதையும் திருப்பி அனுப்பினார், அவர் மேல் தப்பில்லை. ஈரம் 18 சதவீதத்துக்கு மேல் போனால் உருளைக்குள் சூடு வெளியே போக வழியில்லை, பெரிய போராக அடுக்கியிருந்தால் தானாகவே தீப்பிடிக்கவும் கூடும். இப்போது காலை 10 மணிக்கு முன்னால், பனி காயாமல், மெஷினை இறக்குவதே இல்லை. அடுக்கின பிறகு ஒரு வாரம் நடுக்கட்டில் இரும்புக் கம்பி ஒன்று செருகி வைக்கிறேன், காலையில் உருவிக் கையில் பிடித்துப் பார்ப்பேன். தட்டை இதைவிட ஏமாற்றும். சோகை சருகாகிவிடும், தண்டுக்குள் சோறு பச்சையாகவே இருக்கும். அப்பா கணுவில் ஒடித்து, உள்ளே இருப்பதை நகத்தால் அழுத்திப் பார்ப்பாரே, நினைவிருக்கிறதா? விரல் நனைந்தால் அன்றைக்குப் போர் போட விடமாட்டார். நீயும் அதையே செய்.

நூலில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு கட்டைச் சுற்ற எட்டு சுற்று என்றால் 15 மீட்டர். நாளைக்கு 300 கட்டு விழுந்தால் நாலரைக் கிலோமீட்டர் நூல் போகிறது. விலை குறைவு என்று பிளாஸ்டிக் நூல் போடச் சொல்வார்கள். மாடு அதைத் தின்றால் இரைப்பையில் சிக்கிக் கிடக்கும். சணல் எலி கடிக்கும், மழையில் மக்கும், ஆனாலும் சணல்தான் போடு.

இதை இரண்டு முறை படி, தம்பி. டிராக்டரிலிருந்து மெஷினுக்குப் போகிற பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 540 சுற்று, நொடிக்கு ஒன்பது. முதல் வருஷம் அதன் மேல்மூடியை யாரோ கழற்றி வைத்ததை நாங்கள் திரும்ப மாட்டவில்லை. உன் மாமா நூல் அறுந்ததைப் பார்க்கக் குனிந்தார், கைலி நுனி சிக்கியது. டிரைவர் பையன் உடனே நிறுத்தினான், துணி கிழிந்து விட்டது, அதனால் உயிர் தப்பினார். இடுப்பில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நான் வரப்பில் சோற்றுத் தூக்கோடு நின்றேன். உனக்கு இதுவரை சொல்லவில்லை, அம்மாவுக்கு இனியும் சொல்லாதே. மெஷின் அடைத்துக்கொண்டதா? இன்ஜினை அணைத்து, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகு இறங்கு. கைலி, துண்டு கட்டிக்கொண்டு யாரும் பக்கத்தில் வரக் கூடாது. கதவு திறந்திருக்கும்போது பூட்டுக் கம்பி போடாமல் அடியில் தலையை நீட்டாதே.

மானியத்துக்கு உழவன் செயலியில் பதிய வேண்டும், வேளாண்மைப் பொறியியல் துறை பார்க்கும். சிறு, குறு விவசாயிக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. எங்கள் மெஷின் என் பெயரில் இருப்பது அதனால்தான். அதற்கும் உச்சவரம்பு உண்டு, கடைக்காரர் சொல்கிற விலையில் பாதி என்று கணக்குப் போட்டுவிடாதே. உத்தரவு கையில் வராமல் முன்பணம் கட்டாதே.

என் மனசில் இருப்பது இது. உன் ஆறு மாட்டுக்கு வேண்டியது முதலில் தட்டை நறுக்குகிற மெஷின். கட்டாகக் கட்டிப் போட்டாலும் நறுக்காத தண்டை மாடு ஒதுக்கிவிடும், சோகையை மட்டும் தின்னும். அதை இந்த வருஷமே வாங்கு, நகை தேவைப்படாது. தட்டை முழுவதையும் விற்கவும் நினைக்காதே. ஒரு டன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ சாம்பல் சத்து நிலத்தை விட்டுப் போகிறது. தட்டையும் அப்படி அள்ளிக்கொண்டுதான் போகும். உன் கரிசலுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவன் நீதான்.

பேலரை அவசரப்பட்டு முடிவு செய்யாதே. தாளடி முடிந்ததும், மாசிக் கடைசியில் எங்கள் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு உன் மாமாவும் நானும் அங்கே வருகிறோம். கிழக்குக் காட்டில் ஒரு ஏக்கர் தட்டையை வெட்டாமல் விட்டு வை. மல்ச்சர் வாடகைக்கு யாரிடம் இருக்கிறது என்று இப்போதே விசாரித்துக்கொள். பாதியை உடைத்துக் கட்டுவோம், பாதியை உடைக்காமல் கட்டிப் பார்ப்போம். எத்தனை கட்டு, எத்தனை பல், எத்தனை லிட்டர் டீசல் என்று நோட்டில் நான் எழுதுகிறேன், நீ பக்கத்தில் இரு. ஐந்தாறு பல்லும் ஒரு செயினும் கூடவே எடுத்து வருகிறோம்.

கருணைக்கிழங்கு ஒரு மூட்டை பஸ்ஸில் போட்டு விட்டிருக்கிறேன். அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
அக்கா