தொலைவு

கடாரத்திற்கும் தமிழகத்திற்கும் தொலைவு எவ்வளவு? பினாங்கிலிருந்து சென்னை ஏறக்குறைய 2,350 கிலோமீட்டர். விமானம் நான்கு மணி நேரத்திற்குள் கடந்துவிடும். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை இக்கடலில் ஓடிய ‘ரஜூலா’ கப்பலுக்கோ அது பல நாள் பயணம்.

சுங்கைப் பட்டாணிக்கு அருகே ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய என் பாட்டனார், அக்கப்பலில் வந்தவர், திரும்பியதே இல்லை. அவரைக் கடல் தடுக்கவில்லை. கப்பற் கட்டணத்திற்கென்று சேர்த்த வெள்ளி, ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளையின் படிப்பிலோ நோயிலோ கரைந்தது. ‘அடுத்த தீபாவளிக்குப் போகலாம்’ என்பார். அவருக்குப்பின் ஊர்க் கடிதங்களும் நின்றன. பழைய முகவரியை எவரும் பேணவில்லை.

இன்று பயணச்சீட்டுக்கு என்னிடம் பணம் உண்டு. சென்னையில் இறங்கியபின் செல்வதற்கு ஓர் ஊரின் பெயர்தான் இல்லை.