சாம்பல் கொண்டு வாருங்கள்



எங்கள் தோட்டத்துப் பெற்றோருக்கும், ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கம் இருக்கும் பழைய மாணவர்களுக்கும், கொழும்பில் கடைகளில் நிற்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பிளேன்டியோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

புரட்டாசி பிறந்துவிட்டது. தென்மேற்கு மழை ஓய்ந்து காலையில் வெயில் முகம் காட்டுகிறது. பாடசாலைக்குப் பின்னால் உள்ள சரிவில் தரம் 4, 5 பிள்ளைகள் நான்காவது வருடமாக மரக்கறிப் பாத்தி எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். போன கிழமை ஒரு தகப்பன் வாசலில் நின்று, "இந்த வருஷமும் புள்ளைங்க கையில மம்பட்டியா சேர்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். முதல் வருடம் இதே கேள்வி சிரிப்பில்லாமல் வந்தது. அன்று நாங்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

2022ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முந்தைய வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். ஆனால் பிறகு வந்த உரத்தின் விலையை ஏழை தொட முடியவில்லை. 2022 நடுவில் எண்ணெய் இல்லாமல் பாடசாலைகள் மூடின. அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை லீவு கொடுப்பது என்று ஜூன் மாதம் அமைச்சரவை முடிவெடுத்ததும் நினைவிருக்கும். எத்தனை பேர் அந்த வெள்ளிக்கிழமைகளில் மண் கொத்தினார்கள் என்பது வேறு கதை. நாட்டில் 63 இலட்சம் பேருக்கு உணவுப் பாதுகாப்பு இல்லை, தோட்டப்புறத்தில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களின் நிலை இதுதான் என்று உலக உணவுத் திட்டம் அந்த வருடம் கணக்குச் சொன்னது. எங்களுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. காலைக் கூட்டத்தில் தேவாரமும் கிராஅத்தும் முடிவதற்குள் இரண்டு பிள்ளைகளாவது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். "காலையில என்ன சாப்ட்ட?" என்றால் "தேத்தண்ணி சேர்" என்பார்கள்.

பகலுணவுச் சட்டியில் கொஞ்சம் கீரை, நான்கு போஞ்சிக்காய் விழட்டுமே என்றுதான் தோட்டம் தொடங்கினோம். பெரிய கல்வித் தத்துவம் எதுவும் எங்கள் தலையில் இருக்கவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்கு மண் தெரியாது. எங்களில் பலர் ஹட்டன் நகரத்துக் கடைக் குடும்பங்களில் பிறந்தவர்கள். வாப்பா தராசுக்குப் பின்னால் நின்றார், நாங்கள் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறோம். கோவாவும் லீக்ஸும் எங்களுக்குக் கிலோக் கணக்கில்தான் பழக்கம். ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் பண்ணை போட்டதையும், போஞ்சி ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் என்பதையும் வகுப்பில் சொல்லத் தெரியும். போஞ்சி விதையை எவ்வளவு ஆழத்தில் போடுவது என்று பிள்ளை கேட்டால், பக்கத்தில் நிற்கும் ஆசிரியரின் முகத்தைப் பார்ப்போம்.

அந்த முதல் புரட்டாசியில் வாங்கி நட்ட கோவா நாற்றெல்லாம் மூன்று கிழமையில் மஞ்சளித்து நின்றது. வெயில் ஏறினால் வாடும், மாலையில் கொஞ்சம் நிமிரும். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முடிச்சு முடிச்சாக, இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. பேரனைக் கூட்டிப்போக வந்த ஒரு அப்பாயி வேலி ஓரம் நின்று பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர்.

"சேர், இது தேயிலை நின்ன மண்ணு. புளிச்ச மண்ணு. தேயிலைக்கு இதுதான் புடிக்கும், கோவாவுக்குப் புடிக்காது. அடுப்புச் சாம்பல் போட்டீங்களா?"

போடவில்லை. மண்ணின் அமிலத்தன்மையைப் பற்றி விஞ்ஞானப் பாடத்தில் படிப்பிக்கிறோம். தேயிலை அமில மண்ணில் செழிக்கும் என்று பரீட்சைக்கு எழுத வைக்கிறோம். கோவாவின் வேர்வீக்க நோய் அப்படிப்பட்ட மண்ணில்தான் கூடுதலாகப் பிடிக்கும் என்பதும் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தையும் எங்கள் காலுக்குக் கீழே இருந்த மண்ணையும் சேர்த்துப் பார்க்க அந்த அம்மா வர வேண்டியிருந்தது. அடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் ஷொப்பிங் பையில் ஒரு சிரட்டை, இரண்டு சிரட்டை என்று சாம்பல் கொண்டு வந்தார்கள். கொஞ்சம் டொலமைட்டும் வாங்கிக் கலந்தோம். கோவா பிடித்த பாத்தியில் மறுபடி கோவா நடாமல் போஞ்சிக்கு விட்டோம். லயத்து அடுப்பு இன்னும் விறகில் எரிவதால் எங்களுக்குக் கிடைத்த ஒரே இலாபம் அதுதான்.

ஐப்பசியில் பின்னேர இடிமழை வந்து பாத்தியில் பாதியை அடித்துக்கொண்டு போனது. மேலிருந்து கீழாக, பார்க்க அழகாக, நேர்கோட்டில் பாத்தி எடுத்திருந்தோம். தரம் 5 பையன் ஒருவன், வகுப்பில் வாய் திறக்காதவன், அன்று திறந்தான். "மலைக்குக் குறுக்கால போடணும் சேர். மேல ஒரு கான் வெட்டணும். எங்கப்பா கான் வெட்டுறவரு." எல்லோருமாகச் சேர்ந்து குறுக்கே பாத்தி மாற்றினோம். சமமட்டம் பார்க்க அவன் ஒரு தெளிவான போத்தலில் பாதி தண்ணீர் ஊற்றிப் படுக்க வைத்துக் காட்டினான். அவனுடைய கணித மதிப்பெண்ணை இங்கே எழுதினால் எங்களுக்குத்தான் வெட்கம்.

இதுவரை சொன்னது நல்ல கதை. இனி சொல்வது அப்படியல்ல.

இரண்டாவது மாதம், பிள்ளைகளே தோட்டத்தை நடத்தட்டும் என்று கொஞ்சம் தள்ளி நின்றோம். ஒரு நாள் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், ஒரு பையன் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் கம்பும் கொப்பியுமாக, மற்றவர்களை வரிசையில் நிறுத்திப் பெரட்டு எடுக்கிறான். பெயர் கூப்பிடுகிறான். வேலை பிரிக்கிறான். அசல் கங்காணி. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ஒருவர் போனை எடுத்து வீடியோவும் பிடித்தார். தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பிந்தி வந்த ஒரு பெண் பிள்ளை வரிசையில் வந்து நின்றாள். அவன் கொப்பியைப் பார்த்து, குரலைத் தடிப்பாக்கி, "நீ லேட்டு. ஒனக்கு அரைப்பேரு" என்றான்.

அந்தப் பிள்ளை அழுதுவிட்டாள். விளையாட்டுக்கு அழுத அழுகை இல்லை. அந்த மாதம் அவள் வீட்டில் அம்மாவுக்கு எத்தனை அரைப்பேர் விழுந்திருந்ததோ.

வீடியோவை அழித்தோம். பையனைத் திட்டுவதில் அர்த்தமில்லை. வேலை என்றால் அப்படித்தான் நடக்கும் என்று அவன் பார்த்திருக்கிறான். பத்து வயதுப் பிள்ளைகள் கூட்டாக ஒரு துண்டு நிலத்தை எடுத்தவுடன், நாங்கள் ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே, அதைத் தேயிலை மலையாக மாற்றிவிட்டார்கள். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்தத் தகப்பன் வந்தது இதற்கு அடுத்த கிழமை. அவருடைய மகன் பிந்தி வந்ததற்காக எங்களில் ஒருவர் அவனைக் களை பிடுங்க அனுப்பியிருக்கிறார். பலரும் செய்கிற வேலைதான், பெரிதாக எடுக்கவில்லை. அவர் மலையிலிருந்து நேரே வந்திருந்தார், காலில் அட்டை கடித்த இரத்தம் காயவில்லை. "சேர், மம்பட்டி புடிக்கக் கத்துக்குடுக்க எங்க வீட்லயே ஆளு இருக்கு. அத புடிக்காம இருக்கத்தான் இங்க அனுப்புறோம்" என்றார்.

நாங்கள் "உழைப்பில் இழிவு இல்லை அண்ணன்" என்றோம். எவ்வளவு சுலபமான வசனம்! மம்பட்டி பிடிக்காத பரம்பரையில் வந்தவர்களின் வாயில் அது இன்னும் சுலபமாக வரும். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

பிறகு யோசித்துப் பார்த்தால் அவருடைய பயத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்தான் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கத் துரைமாரைக் கட்டாயப்படுத்தியது. அதே சட்டம் 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு எடுக்கக்கூடாது என்றும் சொன்னது. 10 மணிக்குப் பிறகு? அந்தக் கேள்விக்குள்தான் எங்கள் பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமார் வளர்ந்தார்கள். 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் வெளியேதான் நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுத்து முடிக்க 1970களும் தாண்டியது. தோட்டத்துக்கு வெளியிலும் இதே சந்தேகம் இருந்திருக்கிறது. 1930களில் ஹந்தெஸ்ஸ என்ற ஊரின் பெயரில் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று நடந்தது. பாடத்தோடு பயிர்ச்செய்கையும் கைத்தொழிலும். நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம், எங்கள் பிள்ளைக்கு மண்வெட்டியா என்ற மனக்குறை அதை நிலைக்க விடவில்லை. அந்தப் பெற்றோர் பிழையாக யோசித்தார்கள் என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

ஆகவே தோட்டத்தை மூடிவிடலாமா என்று ஆசிரியர் அறையில் பேசினோம். மூடவில்லை, மாற்றினோம். தண்டனைக்கு இனி யாரும் தோட்டத்துக்குப் போவதில்லை. கிழமைக்கு ஒரு பாடவேளை, 40 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை. பெரட்டு இல்லை, கங்காணி இல்லை. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பாத்தி, அவர்கள் பெயரில். என்ன நடுவது என்பது அவர்கள் முடிவு. ஒரு பாத்தியில் இரண்டு வருடமாக ராபுதான், ஏனென்றால் அது 45 நாளில் கைக்கு வரும், அவர்களுக்குப் பொறுமை கிடையாது. லீக்ஸ் நட்டவர்கள் தவணை முடிந்தும் காத்திருந்தார்கள். விளைந்ததை நிறுத்து எழுதுவதும் பிள்ளைகளே. ஆசிரியர் வீட்டுக்கு ஒரு கரட்டும் போகாது. முன்பு போயிருக்கிறது. யாருடைய வீட்டுக்கு என்று கேட்க வேண்டாம்.

தகப்பனிடம் போய் இதைச் சொன்னோம். மன்னிப்பும் கேட்டோம். "படிப்பு கொறையக் கூடாது சேர்" என்றார், அவ்வளவுதான். அதிலிருந்து ஒவ்வொரு தவணையும் மகனின் தோட்டக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். அதில் நட்ட திகதி, முளைத்த திகதி, செடிக்குச் செடி இடைவெளி, நிறை, பகலுணவுக்குக் கொடுத்தது, வீட்டுக்குக் கொண்டுபோனது எல்லாம் இருக்கும். ஒரு தடவை கூட்டலில் பிழை பிடித்தார். பிழை எங்களுடையது, சிவப்புப் பேனையால் சரி போட்டிருந்தோம்.

காட்டுப்பன்றிக் கதையையும் சொல்லிவிடுகிறோம். இரண்டாம் வருடம் பறவைகள் பட்டாணியைக் கொத்துகின்றன என்று பிள்ளைகள் கல்லெடுத்தார்கள். நட்டதைப் பறவை தின்றாலும் மனிதர் தின்றாலும் மிருகம் தின்றாலும் அது நட்டவருக்குத் தர்மமாகவே எழுதப்படும் என்று எங்கள் மார்க்கத்தில் படித்ததைச் சொன்னோம். ஒருத்தி கை தூக்கி, "பன்னி தின்னாலுமா சேர்?" என்றாள். வகுப்பு முழுக்க எங்கள் முகத்தைப் பார்த்தது. "மிருகம் என்றால் மிருகம்தானே" என்றோம். அந்தச் சிரிப்பு அதிபரின் அறை வரை கேட்டது. அடுத்த கிழமையே பன்றி வந்து உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிளறிவிட்டுப் போனது. "சேருக்குத் தர்மம் எழுதியாச்சு" என்று பிள்ளைகள் ஒரு மாதம் சொல்லித் திரிந்தார்கள்.

பகலுணவுக்கு இந்தத் தோட்டத்தால் பெரிய மாற்றம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். மார்கழிக்குள் சில நாள் கீரை, சில நாள் போஞ்சி, சூப்புக்கு லீக்ஸ் தாள். தை, மாசியில் பனி கொட்டினால் மிச்சமும் கருகும். எங்கள் பிள்ளைகளின் பசிக்கு மருந்து அவர்கள் அம்மா அப்பாவின் சம்பளத்தில் இருக்கிறது, கோவாப் பாத்தியில் இல்லை. அதை மறந்துவிட்டுத் தோட்டத்தைப் படம் பிடித்துப் போடுவது எங்களுக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவிலும் படம் இல்லை.

போன வருடம் ஒரு பிள்ளை கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "சேர், இந்தப் பாத்தி எங்க பேர்ல இருக்கே, நாங்க ஆறாம் ஆண்டு போனா யாருக்கு?" அடுத்து வரும் பிள்ளைகளுக்கு என்றோம். "அப்ப எங்க லயத்துக்கு முன்னாடி அம்மா போட்ட பாத்தி?" என்றாள். ஏழு பேர்ச் காணியும் உறுதியும் என்று பெரியவர்கள் எத்தனையோ தேர்தலாகக் கேட்டுவரும் வார்த்தைகள் அவளுக்கு இன்னும் தெரியாது. அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. கொப்பியில் அவளே எழுதி வைத்திருக்கிறாள்: லயத்துப் பாத்தி, நீளம் 11 அடி, அகலம் 4 அடி, போஞ்சி, அம்மா.

சரி, இப்போது தேவையானது. காசு வேண்டாம், விதை இருக்கிறது. மானாப்புல் வெட்டிக் காயவைத்தது இருந்தால் பாத்திக்கு மூடாக்குப் போடக் கொடுங்கள். முக்கியமாகச் சாம்பல். விறகடுப்புச் சாம்பல் மட்டும், நன்றாக ஆறவைத்து, மழையில் நனையாமல். பொலித்தீன், ரெஜிபோர்ம் எரித்த சாம்பல் வேண்டவே வேண்டாம். பிள்ளையின் புத்தகப் பையில் கொப்பியோடு போட்டு அனுப்பாதீர்கள், தனிப் பையில் கட்டிக் கொடுங்கள். போன வருடம் மூன்று கொப்பி சாம்பலாகி வந்தது.