எலி உரைத்த பாடம்

கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் செழித்திருந்த காலத்தில், லயத்து அடுப்பங்கரைகளில் கருவாட்டின் மணம் எழாத நாள் அரிது. கையிருப்பு கரைந்து சம்பள நாளை நோக்கியிருந்த வேளையிலும் சோற்றுக்குத் துணை நின்றது அந்த உப்பு மீனே. இன்று செம்பனை சூழ்ந்த பின்னும் அந்தச் சுவை மறையவில்லை. அவ்வுப்பைப் பற்றி எலிகள் உலகிற்கு உரைத்த செய்தி ஒன்று உண்டு.

1967இல் ஜப்பானிய அறிஞர் தகாஷி சுகிமுரா, எலிகளின் குடிநீரில் எம்.என்.என்.ஜி. என்னும் வேதிப்பொருளைச் சிறிதளவு கலந்து, அவற்றின் இரைப்பையில் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார். அப்பொருள் உயிரணுவின் மரபுப்பொருளைத் தாக்கி அதன் எழுத்தை மாற்றுகிறது. பிழைபட்ட எழுத்தைப் படியெடுத்த அணுக்கள் கட்டின்றிப் பெருகுகின்றன. பின்வந்த ஆய்வாளர், இவ்வாறு நஞ்சூட்டிய எலிகளின் உணவில் உப்பை மிகுத்தனர், கட்டிகளும் மிகுந்தன. உப்பு தனியே நோயை விளைவிக்கவில்லை. இரைப்பையைக் காக்கும் கோழைப்படலத்தைச் சிதைத்து, நஞ்சுக்கு வாயிலைத் திறந்துவிட்டது.

ஆயினும் எலி சொல்வதெல்லாம் வேதமன்று. டென்மார்க்கின் ஜொஹானஸ் ஃபிபிகர், ஒருவகைப் புழுவே எலியின் இரைப்பையில் புற்றை விளைவிப்பதாக 1913இல் அறிவித்து, 1926ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும் பெற்றார். உயிர்ச்சத்து ஏ குறைந்த உணவுக்கே அதில் பெரும்பங்கு என்பதும், அவர் கண்டவை மெய்யான புற்றல்ல என்பதும் பின்னரே தெளிந்தன. மனிதரிடத்தும் சான்று கிடைக்கும்போதுதான் எலியின் சொல் உறுதி பெறுகிறது.

1994இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் இரைப்பை நுண்ணுயிரை மனிதருக்குப் புற்று விளைவிப்பதாக வகைப்படுத்தியது. மலேசியாவில் இத்தொற்று இந்தியரிடையே மிகுதி. இரைப்பைப் புற்றோ சீனரிடையே கூடுதல். கிருமி ஒன்றே ஒருவரின் விதியை எழுதிவிடுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

கருவாட்டை அறவே விலக்க வேண்டுவதில்லை. அதை நன்கு ஊறவைத்து உப்பை நீக்குதல், காய்கனிகளைச் சேர்த்துண்ணல், நெடுநாள் வயிற்றுவலியை வெறும் காற்றென்று எண்ணி அடக்காமல் மருத்துவரை நாடுதல் ஆகியனவே போதும்.

கூண்டில் நோயுற்று மடிந்த சிற்றுயிர்களுக்கு மொழியில்லை. அவை விட்டுச்சென்ற அறிவை மாணவர் வழியாகத் தாய்மாரின் அடுப்பங்கரைக்குக் கொண்டு சேர்ப்பது ஆசிரியர் கடன். அது அங்குச் சேராவிடில், அவ்வுயிர்கள் வீணே மடிந்தனவாகும்.